இறுகிய ஸ்டியரிங்கும் அவசரச் சுத்தியலும்

பழைய லொறி ஒன்றின் ஸ்டியரிங் தண்டு அடைபட்டு இறுகிப்போனால், அதனை அறுத்து வீசிவிட்டு ஜப்பானிய லொறி ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்டியரிங்கைப் பொருத்திவிடும்படி ஆலோசனை கூறுபவர்கள் இன்று நம்மிடையே பெருகிவிட்டார்கள். அறுத்து வீச மனமில்லாதவர்கள் சுத்தியலை எடுக்கிறார்கள். சுத்தியலுக்கும் அது மசியாவிட்டால் எரிவாயுச் சுவாலையைக் காட்டுகிறார்கள். இந்த மூன்று வழிகளுமே பிழையானவை என்பது எனது கருத்து. அடைப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிந்து, பின்னர் அதனைப் பொறுமையாக நீக்குவதே சரியான வழி. அந்த வழியை அறிந்த தலைமுறை நம்மை விட்டுப் பிரிவதற்கு முன்னர் அதனைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல தசாப்தங்களாக அரசியலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பத்திரிகையாளனுக்கு, அதுவும் கலைப்பட்டதாரி ஒருவனுக்கு, லொறியின் ஸ்டியரிங்கைப் பற்றி எழுதுவதற்கு என்ன தகுதி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், பத்திரிகைக் கட்டுகளை இரவோடு இரவாக ஊர்களுக்குச் சுமந்து சென்றவை லொறிகளும் வான்களுமே. தொலைபேசி ஒழுங்காக இயங்காத காலங்களில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே எந்தப் பாலம் உடைந்தது, எந்தச் சோதனைச்சாவடி மூடப்பட்டது என்ற செய்திகள் லொறிச் சாரதிகளின் வாய்வழியாகவே முதலில் எங்களை வந்தடைந்தன. அவர்களிடம் நான் பட்ட கடன் பெரியது. அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியை இங்கே தீர்க்க முயற்சிக்கிறேன்.

இலங்கையின் வீதிகளில் பழைய பிரித்தானிய லொறிகள் இவ்வளவு காலம் உயிர்வாழ்ந்ததற்கு நமது பழைமைப்பற்று காரணமல்ல. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பிரித்தானியக் கிளையான வொக்ஸ்ஹோல் 1931 ஆம் ஆண்டில் 'பெட்போர்ட்' என்ற பெயரில் லொறிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அவையும் ஒஸ்ரின், கொமர், லேலண்ட் முதலியவையும் அன்றைய இலங்கையின் பாரச்சுமைகளைச் சுமந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் வெங்காயமும் தெற்கு நோக்கிச் சென்றதும், அங்கிருந்து தேங்காயும் துணிமணிகளும் வடக்கு நோக்கி வந்ததும் இந்த லொறிகளில்தான். அவற்றுக்கு அறுபது, எழுபது வயதாகிய பின்னரும் சில இன்னும் உருள்கின்றன என்றால், மாற்று வாகனம் கிடைக்காத காலங்களே அதற்குப் பெரிதும் காரணம்.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய உதிரிப்பாகம் ஒன்றைப் பெறுவதைவிடப் பழைய பாகத்தைச் செப்பனிடுவது சுலபமாக இருந்த காலம் அது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் ஜப்பானிய வாகனங்கள் தெற்கின் வீதிகளை நிறைத்தன. வடக்கின் கதை வேறுவிதமாகச் சென்றது. 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்குள் எரிபொருளும் பற்றரிகளும் உதிரிப்பாகங்களும் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலில் ஓட வேண்டிய ஏ-40 ஒஸ்ரின் கார்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் பாதுகாக்கப்பட்ட பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குக் கொடுத்து இயந்திரத்தை எழுப்பிவிட்டு, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அன்று யாழ்ப்பாணத்துச் சிறுவர்களும் அறிந்திருந்தார்கள்.

அண்மைய அனுபவமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதுமே ஓரளவுக்குத் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணமாக மாறியது. இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஆனால், அவ்வாறு தெரிந்தவர்கள் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்ற கேள்வியை அப்போது எவரும் உரத்துக் கேட்கவில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். சாரதிகளும் அதைத்தான் சொல்கிறார்கள். பழைய லொறியின் ஸ்டியரிங் தண்டு வெளியிலிருந்து பார்க்கும்போது ஒற்றைக் குழாயாகத் தோன்றும். உண்மையில் அது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மூன்று குழாய்கள். வெளிப்புறத்தில் அசையாத உறைக்குழாய். அதனுள் கைச்சில்லோடு சேர்ந்து சுழலும் தண்டு. பல லொறிகளில் இந்தத் தண்டும் உட்துளை கொண்டது. அந்தத் துளைக்குள் சுழலாமல் நிற்கும் ஒரு மெல்லிய குழாய். கைச்சில்லின் நடுவிலுள்ள ஹோர்ன் பொத்தானிலிருந்து புறப்படும் வயர் இந்த மெல்லிய குழாயின் வழியாகவே கீழே இறங்குகிறது. சில வாகனங்களில் திசைகாட்டி விளக்கின் வயர்களும் இதே வழியால்தான் செல்லும்.

தண்டின் அடியில் ஸ்டியரிங் பெட்டி இருக்கிறது. திருகுபோன்ற புரியொன்று சுழலும்போது அதனோடு பொருந்திய இன்னொரு பாகம் அசைந்து, ஒரு குறுக்குத் தண்டைத் திருப்புகிறது. இந்தப் பொருத்தம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பேர்மன் பெட்டிகளில் புரியும் நட்டும். பிஷப் முறையில் புரிப்பள்ளத்தில் ஓடும் முளை. மார்ல்ஸ் முறையில் உருளை. குறுக்குத் தண்டின் முனையில் 'டிறொப் ஆம்' எனப்படும் கை தொங்குகிறது. அதிலிருந்து ஓர் இணைப்புத் தண்டு முன்சில்லுகளுக்குச் செல்கிறது. முன்சில்லுகள் 'கிங்பின்' எனப்படும் தடித்த ஊசிகளைச் சுற்றித் திரும்புகின்றன. இவ்வளவு பாகங்களில் எது இறுகினாலும் சாரதியின் கைக்குத் தெரிவது ஒன்றுதான்: கைச்சில்லு திரும்ப மறுக்கிறது. நோய் பல, அறிகுறி ஒன்று. அவசரக்காரர்கள் தடுமாறும் இடம் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக்கு வெளியேயுள்ள ஒரு சிறிய கராஜில் இந்த வேலையை ஆரம்பம் முதல் இறுதிவரை உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்த பிரித்தானிய லொறி அது. பல வருடங்கள் கிடுகுக் கொட்டில் ஒன்றின் கீழ் அசையாமல் நின்றது. வெளிநாட்டில் வாழும் உரிமையாளர் தமது தந்தையாரின் நினைவாக அதனை மீண்டும் ஓடவைக்க விரும்பினார். கைச்சில்லு கால்வாசிச் சுற்றுக்கு மேல் திரும்பவில்லை. ஹோர்னும் ஒலிக்கவில்லை. வேறொரு கராஜில் தண்டை அறுத்து மாற்றுவதற்கு விலையும் பேசி முடித்திருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவெடுக்கலாம் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் லொறி தப்பியது.

அந்தப் பெரியவர் ஸ்பனரைத் தொடுவதற்கு முன்னர் கைச்சில்லை இரண்டு விரல்களால் பிடித்து, அது நிற்கும் இடம்வரை மெல்லத் திருப்பினார். மறுபுறமும் அவ்வாறே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து தடவைகள் இதனைத் திரும்பத் திரும்பச் செய்தார். "நிக்கிற விதத்தைப் பாருங்கோ தம்பி. இரும்பிலை முட்டி நிண்டால் டக்கெண்டு நிக்கும். இது அப்பிடியில்லை, களியுக்கை கை விட்ட மாதிரி நிக்குது. உடைஞ்சதில்லை, அடைஞ்சது" என்றார். எனது பத்திரிகை வாழ்க்கையில் பல நிபுணர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக நோயை நிர்ணயம் செய்தவர்கள் அவர்களில் வெகுசிலரே.

அதன் பின்னர் அவர் கையாண்ட ஒழுங்கு, கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன் அச்சுக்கு ஜக் கொடுத்து, முன்சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கிகளை வைத்தார். டிறொப் ஆமிலிருந்து இணைப்புத் தண்டைக் கழற்றினார். இப்போது தண்டும் பெட்டியும் ஒருபக்கம். சில்லுகளும் கிங்பின்களும் மறுபக்கம். சில்லைக் கையால் தள்ளிப் பார்த்தார். ஒரு பக்கக் கிங்பின் கிறீஸ் காணாமல் இறுகியிருந்தது. கைச்சில்லைத் திருப்பிப் பார்த்தார். சற்று இலகுவாகியிருந்ததே தவிர, இறுக்கம் முற்றாக நீங்கவில்லை. ஆகவே, குறை இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது பத்து நிமிடங்களில் தெரிந்துவிட்டது. தண்டை அறுத்து மாற்றியிருந்தால் கிங்பின்னின் இறுக்கம் அப்படியே இருந்திருக்கும். செலவழித்த பணமும் வீண், மாற்றப்பட்ட ஸ்டியரிங்கும் பாரமாகவே இருந்திருக்கும்.

அடுத்ததாக, முகப்புப் பலகையில் தண்டைப் பிடித்திருக்கும் பட்டியின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினார். கைச்சில்லு இன்னும் கொஞ்சம் இலகுவானது. பட்டியைக் கண்டபடி இறுக்கியதால் நீண்ட தண்டு வில்போல மிகச் சிறிதளவு வளைந்து, உள்ளே சுழலும் தண்டு உறையோடு உராய்ந்துகொண்டிருந்திருக்கிறது. மனிதனின் முதுகெலும்பைப் போன்றதுதான் ஸ்டியரிங் தண்டும். நேராக நிற்க விடாமல் கட்டிவைத்தால் அதற்கும் நோகும்.

மீதியிருந்த இறுக்கத்துக்கும் ஊமையாகிப்போன ஹோர்னுக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. உட்குழாய் சுழலக்கூடாது; அதனைச் சுற்றியுள்ள தண்டு சுழல வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் துருவும் காய்ந்த கிறீஸும் சேர்ந்து கெட்டியானால், சுழலும் தண்டு உட்குழாயையும் தன்னோடு இழுத்துச் செல்ல முயல்கிறது. உட்குழாய் அடியில் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதனால் சுழல முடியாது. முறுகிக்கொண்டு தண்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்த முறுக்கில் ஹோர்ன் வயர் அறுந்துபோகிறது. ஹோர்ன் பழுது என்று ஒரு மின்னியல் வேலைக்காரரையும், ஸ்டியரிங் பழுது என்று இன்னொருவரையும் தனித்தனியாக அழைத்திருந்தால் இருவருமே காரணத்தைக் கண்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர் பற்றரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே ஹோர்ன் பொத்தானைத் தொட்டார். பெட்டியிலிருந்த எண்ணெயை வடிக்க முனைந்தபோது எண்ணெய் வரவில்லை. கரிய களிம்பு ஒன்று துண்டு துண்டாக விழுந்தது. யாரோ ஒருவர் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில் கிறீஸை அடைத்திருக்கிறார். எண்ணெய் கசிகிறது என்பதற்காகக் கிறீஸ் அடைப்பது நமது பக்கத்தில் நெடுங்கால வழக்கம். கசிவு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால், எண்ணெய் திரும்பவும் பாய்ந்து வந்து புரியை நனைக்கும். கிறீஸோ புரி ஒதுக்கித் தள்ளிய இடத்திலேயே ஒதுங்கி நின்றுவிடும். புரி உலர்ந்த நிலையில் தேயும். ஒதுங்கிய கிறீஸ் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கல்லாகும்.

பின்னர் பெட்டியின் அடியில் உட்குழாயைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, குழாயின் மேல்முனை வழியாக மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து சிறிது சிறிதாக ஊற்றினார். அன்றைய வேலை அவ்வளவுதான். இரவு முழுவதும் ஊறவிட வேண்டும் என்று கூறிவிட்டுக் கையைக் கழுவினார். மறுநாள் ஒரு பழைய சைக்கிள் பிறேக் கம்பியை எடுத்து, அதன் முனையிலிருந்த இழைகளைத் தூரிகைபோலப் பிரித்தார். அதனைக் குழாய்க்குள் செலுத்தி, குத்தாமல், முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இறக்கினார். முதலில் வந்தது மண். குளவிக்கூட்டின் மண். பொத்தான் விலகியிருந்த காலத்தில் குளவியொன்று உள்ளே கூடு கட்டியிருக்கிறது. அதன் பின்னர் துருத்தூள். அதன் பின்னர் அறுந்த வயரின் துணியுறை. மூன்றாவது தடவை மண்ணெண்ணெய் ஊற்றியபோது அது அடியில் தெளிவாகச் சொட்டியது. மெல்லத் திருகியபோது உட்குழாய் மேல்நோக்கி முழுதாகக் கழன்று வந்தது. கைச்சில்லு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடையின்றிச் சுழன்றது. கோடியில் முட்டவிடாமல் மெதுவாகத் திருப்பும்படி உதவியாளரான பையனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். இணைப்புகள் கழற்றப்பட்ட நிலையில் வேகமாக முட்டவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் சேதமடையும்.

இந்த வேலை முழுவதிலும் சுத்தியல் தண்டின்மீது ஒரு தடவைகூட விழவில்லை என்பதை நான் கவனித்தேன். கைச்சில்லைக் கழற்றுவதற்காகத் தண்டின் முனையில் அடிப்பது மிகப் பரவலான வழக்கம். அந்த அடி, தண்டின் வழியாக நேரே இறங்கி, பெட்டிக்குள்ளிருக்கும் புரியின் தாங்கிகளைத்தான் தாக்குகிறது. மேலே அடித்தவருக்குக் கீழே உடைந்தது தெரிவதில்லை. அடிபட்ட தாங்கிகள் குழி விழுந்து, பின்னாளில் ஸ்டியரிங்கைக் கரகரக்கச் செய்யும். அதற்கென்றுள்ள இழுகருவியைப் பயன்படுத்த வேண்டும். சுவாலை காட்டுவது இன்னும் ஆபத்தானது. உள்ளேயிருக்கும் கிறீஸும் மண்ணெண்ணெயும் தீப்பிடிக்கும். கடினப்படுத்தப்பட்ட உருக்கு தனது உறுதியை இழக்கும். பழைய கைச்சில்லுகளின் மேற்பூச்சு வெப்பத்தில் வெடித்துவிடும்.

அறுத்து ஒட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுத்த தண்டை வேறொரு தண்டோடு ஒட்டவைத்து ஓடும் வாகனங்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு லொறியில் பிறேக் தவறினாலும் கியரைக் குறைத்தோ கைப்பிறேக்கைப் பிடித்தோ தப்புவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஓடும்போது ஸ்டியரிங் தண்டு முறிந்தால் சாரதி வெறும் பார்வையாளர்தான். மேலும், பழைய தண்டுகள் வளைந்து கொடுக்காத நேரிய உருக்குக் கம்பிகள். மோதல் ஒன்றில் அவை சாரதியின் நெஞ்சுக்கு நேரே ஈட்டியைப் போல வரும். மோதும்போது மடிந்து கொடுக்கும் தண்டை ஜெனரல் மோட்டர்ஸ் தனது கார்களில் 1967 ஆம் ஆண்டுக்குரிய மாதிரிகளிலேயே கொண்டுவந்தது. நமது பழைய லொறிகள் அதற்கு முந்தியவை. இயல்பாகவே ஆபத்தான ஒரு பாகத்தில் ஒட்டு வேலை செய்வது, அதிலும் தகுந்த பரிசோதனை வசதிகள் இல்லாத இடத்தில் செய்வது, மன்னிக்க முடியாத துணிச்சல்.

எதையும் மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. அடைப்பை நீக்கிய பின்னர் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது புரியில் வெடிப்போ, முளையில் ஆழமான தேய்வோ, குறுக்குத் தண்டில் முறுக்கோ காணப்பட்டால் அந்தப் பாகம் மாற்றப்பட வேண்டியதுதான். பழைமையின் பெயரால் உயிரோடு விளையாடக்கூடாது. அடைப்பை நீக்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது என்பதே எனது வாதம். களிம்புக்குள் மறைந்திருக்கும் இரும்பு நல்லதா கெட்டதா என்பதைக் கழுவிய பின்னர்தான் சொல்லலாம். விசாரணைக்கு முன்னர் தீர்ப்பு எழுதுவது எங்கேயும் நல்லதல்ல.

இறுதிக் கட்டத்திலும் கவனம் வேண்டும். டிறொப் ஆமைக் கழற்றுவதற்கு முன்னர் அதன்மீதும் குறுக்குத் தண்டின்மீதும் ஒரே கோட்டில் அடையாளமிட வேண்டும். ஒரு பல் மாறிப் பூட்டப்பட்டாலும் லொறி ஒருபக்கம் நன்றாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். பெட்டியின் தளர்வைச் சரிசெய்யும்போது சில்லுகள் நேராக நிற்கும் நிலையிலேயே அதனைச் செய்ய வேண்டும். புரியின் நடுப்பகுதியே அதிகம் தேய்வது. அதனை ஈடுசெய்யும் நோக்கோடு நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் தளர்வாகவும் பல பெட்டிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது அது பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் முழுவதையும் வடியவிட்ட பின்னரே எண்ணெய் ஊற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்பதற்கு வாகனத்தின் கைந்நூலே ஆதாரம். பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள பெட்டியில் இன்றைய கியர் எண்ணெய்கள் எல்லாமே பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. அவற்றில் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் அந்த உலோகங்களை அரிக்கக்கூடியவை.

அந்த லொறியின் வேலை இரண்டரை நாட்கள் எடுத்தது. கிங்பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிறீஸ் துளைகளைத் திறந்து, புதிய ஹோர்ன் வயரையும் உட்செலுத்தி முடித்தபோது புதிதாக வாங்கப்பட்டவை சில அடுக்குவளையங்களும் எண்ணெயும் வயரும் மாத்திரமே. இரண்டரை நாள் கூலி அதிகம், அறுத்து மாற்றுவது ஒருநாள் வேலை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒருநாள் வேலைக்குப் பிறகு அந்த லொறி எந்த லொறி? வெளியில் பளபளக்கும் வர்ணமும், உள்ளே வேறொரு வாகனத்தின் எலும்பும் என்றால் அதனை நினைவுச்சின்னம் என்று எப்படி அழைப்பது? திருமண ஊர்வலங்களுக்காகப் பழைய வாகனங்களை அலங்கரிக்கும் மோகம் இப்போது அதிகம். புலம்பெயர்ந்த நமது உறவினர்கள் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். வர்ணத்துக்கும் குரோம் பூச்சுக்கும் போகும் பணத்தில் ஒரு பங்காவது ஸ்டியரிங்குக்கும் பிறேக்குக்கும் போகட்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மணமக்களும் குழந்தைகளும் ஏறுகின்ற வாகனம் அது.

வேலை முடிந்த பின்னர் அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் எங்கேயாவது குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எழுதி என்ன செய்யிறது தம்பி, ஆர் வாசிக்கப்போறான்?" என்று சிரித்தார். அவரிடம் ஒரு கொப்பிகூட இல்லை. பதின்மூன்று வயதில் கராஜுக்கு வந்தவர், தமக்கு முந்தியவரின் கையைப் பார்த்துப் பழகியவர். அந்தக் கை ஓயும்போது அதனுடன் சேர்ந்து அந்தப் பாடமும் ஓய்ந்துவிடும். உதவியாளராக நின்ற பையன் வெளிநாடு செல்வதற்குக் காத்திருப்பதாகச் சொன்னான். அவனைக் குறை கூறுவதற்கில்லை.

தொழில்நுட்ப அறிவைத் தமிழில் எழுத முடியாது என்று சொல்பவர்கள் மானிப்பாயை நினைத்துப் பார்க்க வேண்டும். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை நமது மாணவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார்; கலைச்சொற்களையும் ஆக்கினார். மனித உடலின் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயரிட்டுப் பாடம் நடத்த 19 ஆம் நூற்றாண்டிலேயே முடிந்தது என்றால், ஒரு லொறியின் மூட்டுகளைப் பற்றி எழுத இன்று ஏன் முடியாது? ஆங்கிலேயர் தமது பழைய லொறிகளுக்குச் சங்கம் அமைத்து, கைந்நூல்களை மறுபதிப்புச் செய்து பாதுகாக்கிறார்கள். நமது மெக்கானிக்மார் அந்தக் கைந்நூல்களில் இல்லாத பலவற்றைக் கண்டுபிடித்தார்கள். மண்ணெண்ணெயில் காரை ஓட்டுவதும், சைக்கிள் கம்பியால் குளவிக்கூட்டை எடுப்பதும் எந்தத் தொழிற்சாலையின் கைந்நூலிலும் இருக்கப்போவதில்லை.

எனவே எனது யோசனை சிறியது. உங்களது ஊரில் பழைய கராஜ் ஒன்று இருந்தால், அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதானாலும் சரி. அவர் எந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்கிறார், எதை முதலில் தொடுகிறார், எதைத் தொடவே மாட்டார் என்பதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். தூய தமிழ்ச் சொல் கிடைக்கவில்லையே என்று நிறுத்திவிட வேண்டாம். அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. அந்தப் பெரியவர்களுக்குத்தான் நேரம் குறைவு.